நூறு வாட்டுக்கு மேல் ஒரு வாட்டும் கிடையாது

"நாலு நாளா துளைக்கிறீங்க, ரெண்டு விரக்கடை! ஒரு எலி இருந்தா இந்நேரம் வளை தோண்டி, குட்டியும் போட்டிருக்கும்," என்றார் ஆய்வுக்கூட இயக்குநர்.

செவ்வாய்க் கிரகத்துக்குப் போகவேண்டிய துளைக்கருவியைச் செய்தவள் மின் மீட்டரை மறுபடியும் சரிபார்த்தாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'நூறு வாட்'தான். அங்கே சூரியத் தகடு தரப்போவது அவ்வளவுதான் என்பதால், ஒரு குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் ஒரு முழம் துளைத்தே தீருவேன் என்று மூன்று வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். இன்று பகல் பன்னிரண்டுக்குள் முழம் முடியாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. செவ்வாய்ப் பாறை மாதிரி பொலபொலவென்று இருக்கும் என்று சொல்லி இறக்கிய கல்லோ, அவளைவிடப் பிடிவாதமாக இருந்தது.

"பேசாம நம்ம பெரிய மோட்டரை மாட்டுங்க."

இயக்குநர் எண்ணெய்க் கிணறுகளில் தலை நரைத்தவர். டீசல் குடிக்காத எதையும் இயந்திரம் என்று மதிக்கமாட்டார்.

"அதுக்கு அங்க யாரு சார் கரண்ட் குடுப்பா? இங்கேருந்து வயர் இழுக்கலாமா?"

துளையிலிருந்து தூளை ஊதித் தள்ளும் பம்பு எட்டு வாட் தின்றது. அதைப் பிடுங்கித் துளைக்கும் முனைக்குக் கொடுத்தாள். தூள் அடைத்து முனை சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கக் கருவியின் சுத்தியல் அடியைக் கூட்டினாள். முனை விடுபட்டது, ஆனால் கருவி நின்ற மேசை அதிர்ந்து நடக்க ஆரம்பித்தது. நேராக இயக்குநரிடம் போய், அவர் காப்பியை அவர் சட்டையிலேயே கொட்டியது. மேசையை அடக்க, உதவிக்கு நின்ற ஃபிட்டர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"இ-இ-இனி ந-நகராது மேடம்," என்றார், பற்கள் தந்தியடிக்க.

"செவ்வாய்க்கு இவரையும் சேர்த்து அனுப்பப்போறீங்களா?" என்றார் இயக்குநர்.

மணி பன்னிரண்டு. ஆழம் மூன்று விரற்கடை. இயக்குநர் ஈரச் சட்டையோடு ஒரு தாளை நீட்டினார்.

"கருவி தோல்வின்னு கையெழுத்துப் போடுங்க."

அவள் தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"போடமாட்டேன். முனை உடையல, மோட்டர் புகையல, நூறு வாட்டைத் தாண்டல. மெதுவாப் போகுது, அவ்வளவுதான். வேணும்னா என்னை வேலையைவிட்டு அனுப்புங்க. நான் வாசலைத் தாண்டுற வரைக்கும் அது துளைச்சுக்கிட்டுதான் இருக்கும்."

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும்!"

"இருக்கே சார். நூறு வாட்."

அப்போது, கல்லைக் கொண்டுவந்து இறக்கியிருந்த லாரி ஓட்டுநர் தலையைச் சொறிந்தபடி உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க, கல்லு மாறிப்போச்சு. உங்களோடது வண்டியிலயே இருக்கு. இது எண்ணெய்க் கிணத்துலேர்ந்து பக்கத்துக் கூடத்துக்கு வந்தது."

கல்லைப் புரட்டக் குனிந்தவர் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு இயக்குநரை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், கிணத்துல உங்க பெரிய மோட்டரு மூணு முனையை உடைச்சுக்கிட்டும் ஒரு கீறல்கூடப் போட முடியாத கல்லாச்சே இது, இதுல ஓட்டை போட்டது யாரு?"