சொட்டுச் சிந்தாத பொங்கல்

தாராவி,
தை மாதம், பொங்கல் கழிந்த வாரம்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி கணேசபாண்டியன் அவர்களுக்கு, உங்கள் மருமகள் மாலதியின் தகப்பன் பூலோகம் வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். வாஷியில் உங்கள் சுகத்தையும், சம்பந்தியம்மா ஆறுமுகத்தாயின் கோபம் இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

பொங்கலன்று நடந்ததற்கு நானோ மாலதியோ அவள் அம்மா விஜயராணியோ பொறுப்பல்ல என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். உங்கள் பிளாட்டில் விறகடுப்பு மூட்டக் குடியிருப்புச் சொசைட்டி விடாது என்பதால், பிள்ளைகளின் தலைப்பொங்கலை எங்கள் தெருவில் எல்லோரோடும் வரிசையில் வைக்கலாம் என்று அழைத்தது நான்தான். ஆனால் எங்கள் எம்எல்ஏ தீபாவளி முதல் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் இரண்டையும் கையில் எடுத்திருக்கிறார் என்பதை நான் யோசிக்கவில்லை. முன்பு அவர் சாலையையும் குடிநீரையும் கவனித்து வந்தார். அவற்றில் ஒரு தொல்லை. சாலை போட்டால் குழி தெரிகிறது; குழாய் போட்டால் தண்ணீர் வராதது தெரிகிறது. பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் அப்படியல்ல. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அதுவே சாதனை.

தெருமுனை இரும்பு வாசலில் உங்கள் கரும்பைக் காவலர் பிடித்துக்கொண்டு, "சாச்சா, இத்னா லம்பா டண்டா அந்தர் நஹி ஜாயேகா" என்று, இவ்வளவு நீளத் தடியை உள்ளே விட மறுத்தது நினைவிருக்கும். இது தடியல்ல, கரும்பு என்று நிரூபிக்க நான் ஒரு கணுவைக் கடித்துக் காட்டினேன். கடித்த துண்டை மட்டும் அனுமதித்தார். உள்ளே போனால் புகை கூடாதென்று விறகு, மண்பானை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, வரிசையாகக் கரண்ட் அடுப்பும் எம்எல்ஏ படம் போட்ட எவர்சில்வர் பானையும் வைத்திருந்தார்கள். சரி, பால் எந்த அடுப்பில் பொங்கினாலும் பொங்கல்தானே என்று மாலதி மஞ்சள்குலையைக் கட்டிப் பாலை ஊற்றினாள். பால் எம்எல்ஏயின் மீசையைத் தாண்டி நெற்றி வரை வந்தது. பெண்கள் குலவையிட வாயைத் திறந்தார்கள். அடுப்பு கீச்சென்று கத்தி அணைந்தது. பால் இறங்கியது. மறுபடி போட்டோம், மறுபடி நெற்றி, மறுபடி கீச். தெரு முழுக்க இதே கதை. அடுப்புக் கம்பெனிப் பையன் அஷ்வத்தைக் கூப்பிட்டுக் கேட்டால், "அங்கிள், யே சேஃப்டி ஃபீச்சர் ஹை. பொங்கவே பொங்காது, கேரண்டி" என்று பெருமையாகச் சொன்னான்.

இதற்குள் விஜயராணி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு செம்புப் பாலைப் பானை வழிய ஊற்றினாள். உங்கள் வீட்டம்மா பார்த்துவிட்டார்கள். "மைனி, பொங்குறது வேற, ஊத்துறது வேற" என்று அவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் பந்தலுக்குப் பின்னால் போய் மூன்று செங்கல் அடுக்கி, ஒளித்து வைத்திருந்த விறகில் இரண்டு எடுத்துப் பற்றவைத்து, மாலதியின் பானையைத் தூக்கி ஏற்றினேன். கம்பத்தில் இருந்த கேமரா புகையைக் கண்டு ஊளையிட்டது. தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டரோடு ஓடி வந்தவர் அடுப்பையும் பானையையும் பிரித்துப் பார்க்காமல் அடித்தார். பானையிலிருந்து வெள்ளை நுரை நாலு திசையும் வழிந்தது. தூரத்தில் நின்ற பெண்கள் அதைப் பாலென்று நம்பிக் குலவையிட்டார்கள். எம்எல்ஏ மேடையேறி, சென்ற ஆண்டு தெருவெங்கும் புகை, இந்த ஆண்டு ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை, இதுதான் வளர்ச்சி என்று பேசினார். கைதட்டியவர்களில் நீங்களும் ஒருவர். குற்றமாகச் சொல்லவில்லை, நானும் தட்டினேன்.

ஆனால் சம்பந்தியம்மா தட்டவில்லை. "தலப்பொங்கலுக்குப் பான பொங்காத புள்ளயக் கூட்டிட்டுப் போயி நான் என்ன செய்ய? பொங்குன அன்னிக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்கள். அன்றிலிருந்து மாலதி அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். மாப்பிள்ளை நாகராஜும் இங்கேயே இருக்கிறார். அவர் அழவில்லை, தினமும் மீன் கேட்கிறார். கேஸ் அடுப்பில் பொங்கினால் செல்லாது என்று சம்பந்தியம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டதால் ஒரே வழிதான் இருக்கிறது. மீந்த விறகு ஒரு கோணி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வந்தால் எங்கள் மொட்டைமாடியில், கேமராவுக்கு முதுகு காட்டி, ஒரே ஒரு பானை பொங்கிவிடலாம். பிள்ளையின் வாழ்க்கை. மனமிரங்க வேண்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், உங்கள் பேரன் பேத்திகளுக்கு முன்கூட்டியே என் ஆசிகளும்.

இப்படிக்கு,
பூலோகம்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கடிதத்தை முடித்த கையோடு எம்எல்ஏ ஆபீசில் கூப்பிட்டார்கள். புகை போட்ட படத்தைக் காட்டி அபராதம் கேட்பார்கள் என்று போனேன். விறகை எங்கே ஒளிப்பார்கள் என்று தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று சொல்லி, என்னைத் தெருவின் புகைத் தடுப்புத் தலைவராகப் போட்டு, பச்சைச் சட்டையும் விசிலும் கொடுத்தார்கள். மறுக்க முடியவில்லை, சட்டை சரியான அளவு. முதல் வேலையாக என் கட்டிலுக்கடியில் இருந்த கோணியைப் பறிமுதல் செய்யப் போனேன். கோணியைக் காணோம். மாலதியையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம், வீட்டு மண்பானையையும் காணோம். வாஷி ரயிலைப் பிடித்துவிட்டார்கள் என்று விஜயராணி சிரிக்காமல் சொல்கிறாள். வாஷி என் எல்லைக்குள் வராது. இதைப் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்புகிறேன். கண்டவுடன் கீழே இறங்கிப் போய், உங்கள் சொசைட்டி செக்ரட்டரியைப் பால் பொங்குகிற நேரம் மட்டும் பேச்சில் வைத்திருக்கவும்.