பாய்மரத்துக்கு அடியில் ஒரு ஓட்டை

வாழ்க்கையில் நான் பழுது பார்த்த படகு ஒன்றே ஒன்று. அது முழுகியதற்கும் நானே காரணம் என்று ஒப்புக்கொள்வதில் இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை. (அந்த வயதில் நிறைய வாதாடினேன்.)

எழுபதுகளின் கடைசி. பசுவந்தனையில் பருத்திக்கும் கம்புக்கும் நடுவில் வளர்ந்த நான், கோவில்பட்டியில் தச்சுவேலைப் பயிற்சி முடித்து, சான்றிதழும் கையுமாகக் குளத்தூருக்குப் பக்கத்தில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் உப்பளத்தில் கங்காணி. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்தவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக ஒரு சின்னப் பாய்வள்ளம் இருந்தது. அதை ஓட்டுபவர் சூசை அண்ணாச்சி.

வள்ளத்தின் அடித்தளத்தில் ஒரு கனத்த கட்டை உண்டு. அதன் நடுவிலுள்ள குழியில்தான் பாய்மரத்தின் கால் உட்காரும். மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி அந்தக் கட்டை மக்கிப்போனதால், மரம் தளர்ந்த பல்லைப் போல ஆடியது.

"வள்ளம் கட்டுற ஓடாவி தூத்துக்குடியிலருந்து வரணும். பத்து நாளாவும்" என்றார் சூசை.

"ஓடாவி எதுக்கு? எம் மச்சினன் படிச்ச ஆசாரில்லா!" என்றார் அத்தான்.

அந்த மனுஷன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

சூசை அண்ணாச்சி ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த மூன்றே நாளில் வேலையை முடித்தேன். கருவேலங்கட்டையைச் செதுக்கி, குழி வெட்டி, பழையதைப் பெயர்த்த இடத்தில் இறுக்கினேன். அத்தோடு நின்றிருக்கலாம். படித்தவன் அல்லவா, மூலகாரணத்தை யோசித்தேன். தண்ணீர் தேங்கியதால்தானே மக்கியது? குழியின் நடுவில் துரப்பணத்தை வைத்து, நேர் கீழே, கை ஓயும்வரை துளைத்தேன். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். மாயமாய் மறைந்தது. (வள்ளம் கரையில் கிடந்தது. தண்ணீரை மணல் குடித்துவிட்டது. இது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.)

திரும்பி வந்த சூசை மரத்தை நிறுத்தி அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"குழியில தண்ணி நிக்குமா தம்பி?"

"சொட்டு நிக்காது அண்ணாச்சி."

அதில் பொய்யே இல்லை.

நாலு பீப்பாய் நல்ல தண்ணீரோடு புறப்பட்டோம். வெள்ளோட்டம் என்று நானும் பெருமையாக ஏறிக்கொண்டேன். பாதி வழியில் காலெல்லாம் ஈரம். "பீப்பாய் தளும்புது" என்றேன். சூசை விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"எந்தக் கெணத்துத் தண்ணி தம்பி இந்தக் கரிப்பு கரிக்கும்?"

அவசரமாகப் பாயை இறக்கி, மரத்தைப் பிடுங்கினோம். குழிக்குள்ளிருந்து குற்றால அருவியே கிளம்பியது. சூசை அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளிய போறதுக்கு வழி வச்ச, சரி. உள்ள வரப்படாதுன்னு கடல்கிட்ட சொல்லி வச்சியாலே?" (தம்பி போய் 'லே' வந்துவிட்டது.) "வேட்டிய அவுரு!"

அவிழ்த்தேன். அதை முறுக்கி ஓட்டையில் திணித்து, அதன்மேல் என்னையே உட்கார வைத்தார். கனம் குறைய வேண்டுமே. நாலு பீப்பாயையும் கடலில் கவிழ்த்தார். எதிர்க்கரையில் காலையிலிருந்து குடத்தோடு காத்து நின்ற பெண்களின் கண்ணெதிரே, அவ்வளவு நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரானது. என் பிறப்பு வளர்ப்பைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் காற்றில் தெளிவாகக் கேட்டது. கரைக்குப் பத்தடி இருக்கையில் வள்ளம் சலித்துப்போய் அமிழ்ந்தது. இடுப்பளவு ஆழம்தான். உயிருக்கு ஆபத்தில்லை. டிராயரோடு நடந்து கரையேறினேன்.

ஓடாவி வர, சொன்னபடி பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் கழிமுகத்தைச் சுற்றித் தலையில் தண்ணீர் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அத்தானின் உத்தரவு. ஒரு அம்மாள் ஒவ்வொரு நடைக்கும் என் குடத்தின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். ஓடாவி என் ஓட்டையை அடைத்து, குழித் தண்ணீர் வள்ளத்துக்குள்ளேயே வடியும்படி கட்டையின் பக்கவாட்டில் விரல் தடிமனுக்கு ஒரு துளை போட்டார். "கட்டை நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னதை யாருமே காதில் வாங்கவில்லை.

இந்தக் கதையை அக்கா, நாங்கள் பெண் பார்க்கப் போன வீட்டிலேயே, காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். பிற்பாடு கோவில்பட்டியில் வீடு கட்டினோம். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் இறங்க எங்கே துளை விடலாம் என்று கொத்தனார் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி மூச்சிரைக்கப் படியேறி ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, எங்கன வேணாலும் போடுங்க, இவியகிட்ட மட்டும் கேக்காதீங்க. கீழ நாங்க குடியிருக்கணும்!"