பாத்தியில் புகுந்த மாடு

ஓசூர்

மதிப்பிற்குரிய பேராசிரியர் முனவர் பேகம் மேடம் அவர்களுக்கு, தங்களிடம் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்யும் சுப்ரியாவின் தகப்பன் வெங்கடப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

போன வாரம் சுப்ரியா தங்களுக்குப் போன் செய்து, பாத்தியில் மாடு புகுந்துவிட்டது என்று சொன்னாள் அல்லவா? அந்த மாடு நான்தான் மேடம்.

முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டினவன். மிஷினைத் துடைக்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. ரிட்டயர் ஆனபிறகு துடைக்க ஒண்ணும் இல்லை. சுப்ரியா பெங்களூர் கருத்தரங்குக்குக் கிளம்பும்போது, "பாத்தியைக் கொஞ்சம் பார்த்துக்கோங்கப்பா" என்றாள். போய்ப் பார்த்தால், நான் வேலை பார்த்த கம்பெனிக்குப் பின்னாடி தரிசுல நாலு பாத்தி, எல்லாத்துலயும் தும்பையும் துத்தியும் மண்டிக் கிடக்குது, நடுவுல சிவப்புக் கொடி வேற குத்தியிருக்கு. பிடுங்கறதுக்கு அடையாளம் போலன்னு நினைச்சேன். பூச்சி பார்க்கிற புள்ளைக்குக் களையெடுக்க நேரம் ஏதுன்னு மண்வெட்டியோட இறங்கி, மூணு பாத்தியை வேரோட கொத்தி, கல் பொறுக்கி, மட்டம் பண்ணிட்டேன். அதோட இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

வந்து பார்த்தவ கத்தியிருந்தா பரவாயில்லைங்க. மண்ணுல உட்கார்ந்துட்டா. அது களையில்ல, தேனீ வரட்டும்னு அவ விட்டு வளர்த்த செடிங்க, ரெண்டு வருஷ உழைப்புன்னு அப்பத்தான் எனக்குத் தெரியும். "தப்புப் பண்ணிட்டனா சாமி?"ன்னேன். "இல்லப்பா, நல்லா சுத்தமா இருக்கு"ன்னா. அன்னைக்குச் சோறு திங்கல. கதவுக்கு அந்தாண்ட தங்களுக்குப் போன் பேசினது காதுல விழுந்துச்சு. பொய்யே சொல்லாத புள்ள, எனக்காகச் சொல்லுது.

மறுநாள் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்த் தும்பைச் செடி கேட்டேன். "களையை வாங்க வந்த மொத ஆளு நீங்கதாங்க"ன்னு கீரை விக்கிற மாரம்மா சிரிச்சுது. ரோட்டோரம் பிடுங்கியும் குடுத்துச்சு. நட்டதெல்லாம் வாடிப்போச்சு.

ஆகவே மேடம், அவள் பட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வெங்கடப்பன்

பி.கு.: மேடம், நான் சுப்ரியா. தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடமே கொடுத்தார். பிரிக்காதே என்று மூன்று தடவை சொன்னதால் பிரித்தேன். பொய்க்கு மன்னியுங்கள். இன்று காலை அப்பா கொத்திய வெறும் மண்ணில் சின்னச் சின்ன வளைகள் பார்த்தேன். மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீக்கள் மேடம்! செடி மண்டியிருந்தபோது ஒன்றுகூடத் தோண்டவில்லை. ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயம் கூடும் போலிருக்கிறது. அப்பாவிடம் சொன்னதிலிருந்து அவர் வளைகளுக்கு மேல் குடை பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கூட்டுக்கு வெயில் வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.