சம்பந்தி கையில் கட்டிய சிவப்புக் கயிறு

திருவொற்றியூர்,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் பீம்ராவ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வேலப்பன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். கடிதத்தின் முதல் வரியில் வேறு மாதிரி எழுதி எனக்குப் பழக்கமில்லை, ஆகவே யாவரும் நலம். முழுவதும் படித்தபின் நீங்களே ஒரு முடிவுக்கு வரவும். நாக்பூரில் வெயில் எப்படி, அக்காவின் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்ததாகச் சொல்லவும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். என் போன் எண்ணூர் கழிமுகத்தில் இருக்கிறது. நேற்று காலை பதினொரு மணியிலிருந்து அங்கேதான் இருக்கிறது. உங்கள் தங்கை சொக்கம்மாளின் போனில் பேசியிருக்கலாம், ஆனால் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு திருத்துவாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் கையில் இருந்த வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழம்கூட விழவில்லை.

உங்கள் மருமகள் மதி பார்க்கிற வேலை உங்களுக்குத் தெரியும். கழிமுகத்தில் எங்கே எவ்வளவு ஆழம், எவ்வளவு சேறு என்று அளக்கிற கம்பெனி. சாதாரண மோட்டார் படகு அந்தச் சேற்றில் மாட்டிக்கொள்கிறது என்று, பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஃபேன் வைத்த தட்டைப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் எதுவும் சுற்றாது. ஃபேன் காற்றைப் பின்னால் தள்ளும், படகு முன்னால் போகும். குப்பத்து ஜனங்கள் ‘ஃபேன் போட்டு’ என்பார்கள். கம்பிக் கூண்டுக்குள் ஃபேன், அதற்கு முன்னால் உயரமாக ஓட்டுகிறவர் சீட்டு, அதற்குக் கீழே ஒரு பெஞ்சு, காலுக்கு ஒரு பெடல், கைக்கு ஒரு கம்பு. பிரேக் கிடையாது. பிரேக் இல்லாத வண்டியில் பெற்ற பெண் தினமும் போய்வருகிறாள் என்றால் தகப்பன் என்ன செய்வான்? நான் ஒன்றும் செய்வதில்லை. சாயங்காலம் எண்ணூர் பக்கத்திலிருந்து ரயில் வந்து அவள் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் டீ குடிக்க மாட்டேன், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் ராயபுரத்திலிருந்து வரன் வந்தது. பையன் பாரி, துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை, அதிகம் பேசாதவன், மதிக்குப் பிடித்திருக்கிறது. பையனின் அப்பா கஜபதி, பஸ் கண்டக்டராக முப்பத்திரண்டு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். இன்னும் சம்பந்தி ஆகவில்லை, ஆனாலும் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சம்பந்தி என்றே கூப்பிட்டு வருகிறேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “பொண்ணு தங்கம். ஆனா கண்ணாலத்துக்கு அப்பால அந்த போட்டு வேணாம் வேலப்பா. வூட்ல எல்லாரும் பயந்துகினு கெடக்கணுமா?” என்றார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மதியிடம் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள், பிறகு எப்படி வாக்குக் கொடுப்பது? என் மனதிலிருந்ததைத்தான் அந்த மனிதர் சொன்னார் என்பது வேறு விஷயம்.

வேலையை விடுவதற்குமுன் அந்தப் படகை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று சம்பந்தி ஆசைப்பட்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் சொல்லி மதி ஏற்பாடு செய்தாள், எதற்கு என்று தெரியாமலே. சம்பந்தி, பாரி, நான், சொக்கம்மாள் நான்கு பேரும் படகுத்துறைக்குப் போனோம். அங்கே மெக்கானிக் ஜாபர் பாய் இருந்தார். மதி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு கயிற்றைக் காட்டினாள். சாவிக்குப் பக்கத்தில் ஒரு பட்டன், அதில் ஒரு கிளிப்பு, கிளிப்பிலிருந்து பழைய டெலிபோன் ஒயர் போலச் சுருண்ட சிவப்புக் கயிறு. மறுமுனையை ஓட்டுகிறவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு கிளிப்பைப் பிடுங்கிவிடும், இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். சம்பந்தி குனிந்து பார்த்தார். “அப்போ இது பெல்லு கயிறு. ஒரு தபா இயுத்தா ஸ்டாப்பிங்” என்றார். “நாம இயுக்க வேணாம் மாமா. நான் வியுந்தா அதுவே இயுத்துக்கும்” என்றாள் மதி.

சம்பந்தியின் வயிற்றுக்கு அங்கிருந்த லைஃப் ஜாக்கெட் எதுவும் பத்தவில்லை. பெரியதாக ஒன்று ஷெட்டில் இருக்கிறது என்று மதி கிளம்பினாள். தூக்குவதற்கு உதவி என்று பாரியும் கிளம்பினான். ஒரு ஜாக்கெட்டைத் தூக்க இரண்டு பேர் எதற்கு என்று நான் கேட்கவில்லை, எனக்கும் வயசு இருந்தது. “நைனா, நான் வர்ற வரிக்கும் ஒண்ணியும் தொடாத” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் எதையும் தொடவில்லை. கயிற்றை மட்டும் எடுத்தேன். காரணத்தைக் கேளுங்கள். சம்பந்தி பெஞ்சில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். மாலை வாங்கிப் போகலாம் என்று சொன்னதற்கு, படகில் போகிறவருக்கு எதற்கு மாலை, பார்க்க நன்றாக இருக்காது என்று உங்கள் தங்கை தடுத்துவிட்டாள். அந்தப் படகில் பளிச்சென்று மரியாதையாக இருந்த ஒரே பொருள் அந்தச் சிவப்புக் கயிறு. எந்த விழாவிலும் முதல் மரியாதை தலைமை விருந்தினருக்கு. பெண் கையில் கயிறும் சம்பந்தி கையில் ஒன்றுமில்லாமலும் புறப்பட்டால் நாளைக்கு ராயபுரத்தில் என்ன பேசுவார்கள்? ஆகவே அவர் மணிக்கட்டில் மாட்டினேன். சொக்கம்மாளும் படகில் ஏறி அவர் பக்கத்தில் தட்டோடு நின்றாள். அவரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். “ரிட்டையர் ஆன அன்னிக்குகூட யாரும் கைல ஒண்ணும் கட்டல வேலப்பா” என்றார்.

அந்தச் சந்தோஷத்தோடு ஒரு சின்ன ரவுண்டு காட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. துறைமுகத்தில் முப்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் நான், ஃபேன் ஓட்டுவதில் என்ன இருக்கிறது? மேல் சீட்டில் ஏறினேன், சாவியைத் திருப்பினேன், பெடலை மிதித்தேன். படகு குலுங்கியது. நான் இறங்கினேன். இடுப்பளவு சேற்றில் இறங்கினேன். என்னுடைய இடதுகால் ரப்பர் செருப்பு மட்டும் பெடலுக்குள் செருகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்து பார்த்தது. கம்பைப் பிடிக்க ஆளில்லாததால் படகு நேராகப் போகாமல் கழிமுகத்தில் பெரிய வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. பெஞ்சில் சம்பந்தி, ஜாக்கெட் இல்லாமல். பக்கத்தில் உங்கள் தங்கை, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி. போன் சட்டைப் பையிலிருந்து நழுவிப் போனது. சேற்றில் நின்று அந்தப் படகு தூரத்தில் சின்னதாவதைப் பார்த்தபோது என் மனதில் என்ன ஓடியது என்பதை இந்தக் கடிதத்தில் எழுத விருப்பமில்லை.

கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் இன்ஜின் நின்றிருக்கும், அது சம்பந்திக்கும் தெரியும். ஏன் இழுக்கவில்லை என்று கரையிலிருந்து ஜாபர் பாயும் சேற்றிலிருந்து நானும் கத்தினோம். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முதல் ரவுண்டில் என்னைக் கடந்து போனபோது உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு கேட்டதற்கு, “நீங்க பாதில எறங்கிட்டீங்கன்னு நெனச்சேன். எப்பவும் அப்டித்தானே” என்றாள். அதற்குள் மதியும் பாரியும் ஓடிவந்துவிட்டார்கள். ஜாபர் பாய் என்னை ஒரு மூங்கிலைக் கொடுத்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ரவுண்டில் மதி கயிற்றை இழுக்கும்படி கையால் ஜாடை காட்டினாள். சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டி மறுத்துவிட்டார். அப்போது பாரி சொன்னான்: “அப்பா இயுக்க மாட்டாரு மதி. ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல பெல் அடிக்கவே மாட்டாரு. எங்கம்மாவயே வூட்டு வாசல்ல எறக்கி வுடாம அடுத்த ஸ்டாப்பிங்ல எறக்கி நடக்க வுட்டவரு.” மதி ஒரு நொடிதான் யோசித்தாள். “அப்போ ஸ்டாப்பிங் வெச்சிடலாம்” என்றாள்.

இதற்குப்பின் நடந்ததை நான் அப்படியே எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ‘கூண்டில் கை வைக்காதீர்’ என்று எழுதிய போர்டைப் பிடுங்கி ஜாபர் பாய் கையில் கொடுத்து உயரப் பிடிக்கச் சொன்னாள். கரையில் இறால் கூடையோடு வேடிக்கை பார்த்த மூன்று பெண்களை அவருக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினாள், பாரியை நிறுத்தினாள், சேறு வழிகிற என்னையும் கடைசியில் நிறுத்தினாள். மூன்றாவது ரவுண்டில் படகு கிட்டே வரும்போது எல்லோரையும் வலது கையை நீட்டச் சொன்னாள். சம்பந்தி எங்களைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக மேலே போனது, ஒரே இழுப்பு, இன்ஜின் நின்றது, படகு வழுக்கிக்கொண்டு வந்து எங்கள் காலடியில் சேற்றில் முட்டி நின்றது. இறால் பெண்கள் மூவரும் உடனே ஏறிவிட்டார்கள். “உள்ள போ, உள்ள போ, வயில நிக்காத” என்றார் சம்பந்தி.

அவர்களை இறக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. சம்பந்தி இறங்கினார். “டிரைவர் எறங்கிப் போனா கண்டக்டர் பெல் அடிக்கக் கூடாது, ரூல் அதான்” என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். மதியை ஒருதரம் உற்றுப் பார்த்தார். பிறகு சொக்கம்மாள் நீட்டிய வெற்றிலையைக்கூட எடுக்காமல் பாரியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார், கயிற்றோடு. கிளிப்பும் கையில் தொங்கிக்கொண்டே போனது.

இன்று மதி வேலைக்குப் போகவில்லை. கயிறு இல்லாமல் படகை எடுக்க மாட்டாளாம். ஜாபர் பாய் போன் செய்து, “ரெண்டு ஒயர முறுக்கி வுட்டா கயிறு இல்லாமயே ஓடும்மா” என்றார். “நீ ஓட்டு பாய், நான் ஒப்பாரிக்கு ஆள் சொல்லி வெக்கிறேன்” என்று வைத்துவிட்டாள். நன்றாக யோசித்துப் பார்த்தேன், குற்றம் முழுவதும் அந்தக் கயிற்றின் மேல்தான். விழுந்தவன் நான். கயிறு இருந்தது சம்பந்தி கையில். சம்பந்தி விழவில்லை. ஆக விழுந்தவனுக்கும் அது உதவவில்லை, விழாதவருக்கும் உதவவில்லை. இதைத்தான் பாதுகாப்பு என்கிறார்கள். ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, படகு தானாகக் குலுங்கியதால்தான் நான் இறங்க நேர்ந்தது என்று சம்பந்திக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இரண்டு, லீவு போட்டு வந்து மதியிடம் வேலையை விடச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். அவள் வேலையை விட்டால் இந்தச் சம்பந்தம் திரும்பி வரும், நானும் ஐந்து மணிக்கே டீ குடிப்பேன்.

அங்கே என்னைவிட மூத்தவர்களுக்கு என் கும்பிடு, இளையவர்களுக்கு என் ஆசி, என் வயதுக்காரர்கள் இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளவும். உங்களுக்கு என் ஜெய்பீம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
தி. வேலப்பன்.

பி.கு. (வெள்ளிக்கிழமை): தபால்தலை வாங்க மறந்ததில் கடிதம் இங்கேயே இருந்துவிட்டது, நல்லதாயிற்று. மேலே சொன்ன இரண்டையும் செய்ய வேண்டாம். படகு தானாகக் குலுங்கவில்லை. நான் எழுந்து நின்றேன். மேல் சீட்டில் நான் உட்கார்ந்து கீழே சம்பந்தி உட்கார்ந்தால் அது மரியாதையா? “போலாமா சம்பந்தி?” என்று கேட்க, பெடலை மிதித்தபடியே எழுந்து கும்பிட்டேன். இரண்டு கையும் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. நேற்று சம்பந்தி வீட்டுக்கு வந்தார். மூன்று நாளாகக் கயிற்றைக் கழற்றவில்லையாம், அவர் மனைவி குப்பம்மா அதட்டியபின்தான் ஞாபகம் வந்ததாம். மதி ஏன் வீட்டிலிருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். “கயிறு இல்லாம வண்டிய எடுக்க மாட்டேன்னு மூணு நாளா வூட்ல குந்திகினு கீது பாரு, அதாம்பா டூட்டி. இந்தப் பொண்ணப் போயி வேலைய வுடச் சொல்லிக்கீறேனே, நான் இன்னா மனுசன்!” என்று கயிற்றை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். தன்னை வேலையை விடச் சொன்னார்களா, எப்போது என்று மதி என்னைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, சேற்றில் நின்றபோது நினைத்ததையும் சேர்த்து. அது இதுதான் மச்சான்: நான் இவ்வளவு நாளும் பயந்தது மதி விழுந்துவிடுவாள் என்று, ஆனால் விழுவதில் ஒன்றுமில்லை, விழுந்தவனை விட்டுவிட்டு வண்டி போய்க்கொண்டே இருக்கிறதே, அதுதான் தாங்க முடியாதது. அந்தப் படகில் அதற்கு வழி வைத்திருப்பது அந்தக் கயிறு ஒன்றுதான், அதைத்தான் நான் கழற்றி மரியாதை செய்தேன். மதி ராத்திரி என்னோடு பேசவில்லை. காலையில் கிளம்பும்போது டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “இப்பவே குடிச்சிடு, சாய்ங்காலத்துக்கு வெச்சிக்காத” என்றாள். கல்யாணம் தை மாதம், பத்திரிகை தனியாக வரும், அதற்கு லீவு போடவும். இன்று சம்பந்தியும் நானும் படகுத்துறைக்குப் போய் நின்றோம். எங்கள் முன்னால் படகு போயிற்று, அவள் கையில் சிவப்புக் கயிறு தெரிந்தது. சம்பந்தி ஆசையாகக் கையை நீட்டினார், நானும் நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு நிறுத்தாமலே போய்விட்டாள். “தோ பாரு, ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல நிறுத்தல” என்று சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.