பன்னிரண்டு விநாடிப் பச்சை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இதை எழுதும் நிமிடம் வரை நானும் தங்கள் மாமியாரும் கை கால் சேதமில்லாமல் இருக்கிறோம். அடுத்த நிமிடத்துக்கு உத்தரவாதம் தர வேண்டியது தாங்கள் பொறியாளராக இருக்கும் நெடுஞ்சாலைத் துறை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. சொல்ல ஆசைப்பட்டவர்கள்கூட அடக்கிக்கொண்டிருக்கிறோம். தங்கள் உடம்பு, என் மகளின் உடம்பு, பேத்திக்கு முளைக்கும் பல் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம், எங்கள் வீட்டெதிரே நெடுஞ்சாலையும் ஊர்ச்சாலையும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி. தாங்கள் போன முறை வந்தபோதே ஆரம்பித்தேன். "பாக்கலாம் மாமா" என்றீர்கள். சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தேன். "பாக்கலாம் மாமா." காரில் ஏறும்போது மூன்றாம் முறை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டே பதில் சொன்னதால் காதில் விழவில்லை, ஆனால் வாயசைவு அதேதான். ஆகவே இப்போது எழுத்து மூலமாக.

மன்னிக்கவும், பிரேக் சத்தம் கேட்டு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பால் வண்டியும் ஒரு காரும். இடிக்கவில்லை. ஓட்டுநர்கள் இருவரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் உரக்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கே விட்டேன்? தங்கள் துறை வைத்த சிக்னலில் நடந்து கடப்பவர்களுக்குப் பச்சை பன்னிரண்டு விநாடிதான் எரிகிறது. தங்கள் மாமியாரின் தையல் கடையோ எதிர்ப்பக்கம். கடக்க அவளுக்கு இருபத்தேழு விநாடி ஆகிறது. இது உத்தேசக் கணக்கில்லை. நான் முப்பத்துநாலு வருடம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவன். கேட் மூடிய நேரத்தையும் திறந்த நேரத்தையும் பதிவேட்டில் ஏற்றாமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. இப்போதும் அதே கைக்கடிகாரம், அதே மாதிரிப் பதிவேடு. நாற்பத்தொரு நாள், காலையும் மாலையும், துணைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் அளந்திருக்கிறேன். வழியில் நிற்கும் நேரம் நீங்கலாகச் சராசரி இருபத்தேழு. இரண்டு வருடத்துக்கு முன் படியில் வழுக்கி முழங்காலில் அடிபட்டவள், பாவம், அவளால் அவ்வளவுதான் முடியும். பன்னிரண்டு முடியும்போது சாலை நடுவே இருக்கும் சிமென்ட் திட்டில் ஏறியிருப்போம். அடுத்த பச்சைக்கு ஒன்றரை நிமிடம். இரண்டு பக்கமும் லாரி பறக்கும், நடுவில் நாங்கள் இருவரும் கொடியில் போட்ட துணிபோலப் படபடத்துக்கொண்டு நிற்போம்.

துறை செய்யும்வரை நாமே ஏதாவது செய்வோமே என்று முதலில் ஒரு எச்சரிக்கைப் பலகை எழுதி நட்டேன். ரயில்வேயில் அரைகுறையாக எச்சரிக்கிற வழக்கம் இல்லை. ஆகவே பதினொரு வரி. யார் யார் கடக்கிறார்கள் என்பதில் தொடங்கி, மீறினால் யார் யார் அழுவார்கள் என்பது வரை விவரமாக எழுதியிருந்தேன். என் கேட்டில் நின்றவர்களுக்கு ரயில் வரும்வரை படிக்க நேரம் இருந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு இருக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு வேன்காரர் நான்காம் வரியில் சுவாரசியம் தட்டி பிரேக் போட, பின்னால் வந்த கார் வேனில் முட்ட, அதற்கும் பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர் காரின் டிக்கிமேல் உட்கார்ந்தார். நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. வேன்காரர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கதவோரம் ஒதுங்கினேன். "பெரியவரே, மூணாவது வரியில ரெண்டு பக்கமும் பாருன்னு போட்டிருக்கு. நாலாவது வரியில இந்த போர்டை நல்லாப் பாருன்னு போட்டிருக்கு. எதைத்தான்யா பாக்குறது?" என்றார். நியாயமான கேள்வி. அன்றே பலகையைப் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் வேலையில் வைத்திருந்த பழைய சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இந்தக் கொடிக்கு ரயிலே நின்றிருக்கிறது. லாரி நிற்கவில்லை. சாலை வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று எண்ணி எங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டது. அதன் பின்னாலேயே எல்லாம். கால் மணி நேரம் தங்கள் நெடுஞ்சாலை முழுவதும் எங்கள் தெரு வழியாகத்தான் ஓடியது. தெரு முட்டுச்சந்து என்பது தங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு பேருந்து, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் வாசலில் மூக்கை நுழைத்து நின்றது. இறங்கி நின்ற பயணிகளில் இரண்டு பேர், வந்ததுதான் வந்தோம் என்று பல் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தெருவில் இன்றுவரை என்னோடு பேசுகிறவர் அந்த டாக்டர் ஒருவர்தான். கொடியைப் போலீஸ்காரர் வாங்கிக்கொண்டு போனார். வாங்கியதற்கு ரசீது எழுதித் தரக் கேட்டேன், முறைத்தார்.

இதற்கிடையில் தங்கள் மாமியாருக்கோ ஒன்றரை நிமிடம் சும்மா நிற்கத் தெரியாது. அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும். தினமும் எங்களோடு திட்டில் மாட்டிக்கொள்ளும் பாங்க் குமாஸ்தா ஒருவர், "அக்கா, ஒரு சட்டை தைக்கணும்" என்று பேச்சை ஆரம்பிக்க, "கையை நீட்டுங்க தம்பி" என்று இவள் அங்கேயே அளவெடுக்கத் தொடங்கிவிட்டாள். அவர் இரண்டு கையையும் அகல நீட்டியதும் நாலு பக்கமிருந்தும் வந்த வாகனங்கள் சட்டென்று நின்றுவிட்டன, ஏதோ அதிகாரி என்று. இந்தச் சந்திப்பில் இதுவரை எடுத்த பாதுகாப்பு நடவடிக்கைகளில் பலன் தந்தது அது ஒன்றுதான். இடுப்பளவுக்காக அவர் கையை இறக்கியதும் எல்லாம் மறுபடி பறந்தன.

இவ்வளவும் சிரிப்பாக எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடந்தது சிரிப்பில்லை. பாதிச் சாலையில் என் பிடி நழுவிவிட்டது. அவள் திட்டில் ஏறிவிட்டாள், நான் நாலு எட்டுப் பின்னால். பச்சை அணைந்தது. ஏறியவள் ஏனோ மறுபடி சாலையில் இறங்கி என் பக்கம் வந்தாள். ஒரு டேங்கர் லாரி அவள் தோளை உரசிக்கொண்டு போனது. தோளில் இருந்த துணிப்பையைக் காணோம். முப்பதடி தள்ளிக் கிடந்தது, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள்மேல் டயர் தடத்தோடு. அவள் பொறுக்கி வந்து, உதறி, மடித்து வைத்தாள். அன்றைய நேரத்தை நான் பதிவேட்டில் ஏற்றவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அவளில்லாமல் ஒரு நாள்கூட இருந்து எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே, தங்கள் மாமியாரின் முழங்காலை உத்தேசித்து, பன்னிரண்டு விநாடியை இருபத்தேழாக உயர்த்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஏணியும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் பத்து நிமிட வேலை என்று எலெக்ட்ரீசியன் சொல்கிறார். ஏணி என்னிடமே இருக்கிறது. இதைத் தாங்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தாங்கள் போகும் சாலையெல்லாம் பச்சையாகவே எரிந்து, பதவி உயர்ந்து, பிள்ளைகுட்டிகளோடு நூறாண்டு இருக்க வேண்டும். மகளுக்கு என் அன்பு. செவ்வாய்க்கிழமை விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டாம். பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் துறையை நம்பித் தெருவில் இறங்கும்
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தையலை நிறுத்தாமலே கேட்டவள், கடைசியில் மறுபடி முழங்கால் என்றதும் நிறுத்தினாள். "யாருக்கு முழங்கால் வலி? எனக்கு ஆறி ஒன்றரை வருஷம் ஆச்சு. நாள் பூரா மெஷினை மிதிக்கிற காலு இது. ஏனோ இறங்கினாளாமே, ஏனோ! நீங்க நடு ரோட்டுல நின்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றாள். பிறகு என்னை ஜன்னலில் நிற்க வைத்துவிட்டுத் தனியாகப் போய்க் கடந்து காட்டினாள். பதினொரு விநாடி. பச்சை அணையும்போது அந்தப் பக்கம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, கடிகாரத்தை என் கையிலிருந்து கழற்றி அவளே வைத்துக்கொண்டு, என்னை நடத்திக் கூட்டிப்போய் அளந்தாள். ஆகவே மேற்படி கோரிக்கையில் 'தங்கள் மாமியாரின்' என்பதைத் 'தங்கள் மாமனாரின்' என்றும், 'இருபத்தேழு' என்பதை 'இருபத்தெட்டு' என்றும் திருத்திப் படிக்கவும்.