பாத்திக்குள் பாபா

"யே க்யா ஹை?"

மண்வெட்டி ஆட்களோடு வந்து நின்ற ஓவர்சியர் சிவஞானத்திடம் கேட்டார்.

நாட்டின் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் முன்புறப் புல்தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு மண்மேடு. உள்ளே ஒரு மூட்டைப் பனங்கொட்டை. மனைவி தங்கத்தைப் பிரசவத்துக்குத் திருச்செந்தூரில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, ரயிலில் அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிச் சுமந்து வந்த மூட்டை. சும்மாவா சுமந்தார்? "பொங்கலுக்குப் பனங்கிழங்கு கிடைக்காத ஊருக்கு நானும் வரமாட்டேன், எம்பிள்ளையும் வராது. பாத்துக்கிடுங்க" என்றிருந்தாள். தங்கம் சொன்னால் சொன்னதுதான்.

"பூச்செடி, சாப்" என்று புளுகினார்.

"ரெண்டு மாசமா தண்ணி ஊத்துறீங்க. ஒரு இலையைக்கூடக் காணோமே?"

என்னத்தைச் சொல்ல! பனங்கொட்டை முளைத்தால் மேலே தலைகாட்டாது. முதலில் கீழேதான் இறங்கும், கிழங்கும் அங்கேதான் பிடிக்கும். இதையெல்லாம் இந்தியில் விளக்கச் சிவஞானத்துக்கு நாக்கு புரளவில்லை.

"ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வருது. புல்தரை எல்லாம் சமமா இருக்கணும். திங்கட்கிழமை வந்து வெட்டி நிரவிடுவோம்" என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் போனார்.

சிவஞானம் யோசித்தார். தங்கத்தின் பழைய பச்சைப் புடவையை எடுத்து மேட்டின் மேல் போர்த்தினார். காற்றில் பறக்காமலிருக்கச் சுற்றிலும் செங்கல் வைத்தார். புல்லோடு புல்லாகத் தெரியுமாம்!

மறுநாள் காலை புடவை மேல் சாமந்தி மாலை. பக்கத்தில் ஊதுபத்தி. அடுத்த வீட்டுத் தல்வார் அம்மாள் முக்காடு போட்டு, கண்மூடி நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தெருவே அவள் பேச்சுக்குக் கட்டுப்படும்.

"பாயி சாப், இங்கே ஒரு பாபா உறங்குறார். என் கனவில் வந்தார்!" என்றாள் இந்தியில்.

"ஐயோ பஹன்ஜி, இது சமாதி இல்லே!"

"அச்சா, அச்சா. நீங்க தினம் தண்ணி ஊத்திக் கும்பிடுறதைத்தான் பார்க்கிறேனே!"

சாயங்காலத்துக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. தடுக்க வேலி கட்டினார். வேலி முழுக்கச் சிவப்பு நூல் கட்டி வேண்டிக்கொண்டார்கள். கத்திப் பார்த்தார், மதராஸி பூசாரி திட்டினால் நல்லது நடக்கிறது என்று இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

திங்கட்கிழமை ஓவர்சியர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். மகளுக்கு வரன் வேண்டி ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போயேவிட்டார்.

பாத்தி பிழைத்தது. ஆனால் தோண்டுவது எப்படி? பாபா மேல் மண்வெட்டி பட்டால் லக்ஷ்மிபாய் நகர் தன்னையே புதைத்துவிடாதா?

மார்கழியும் முடியும் தறுவாய். 'கிழங்கு ரெடி' என்று இவர் எழுதியதை நம்பித் தங்கம் பிள்ளையோடு ரயிலேறிவிட்டாள். இல்லையென்று தெரிந்தால் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவாள். பிள்ளை முகத்தை இவர் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

போகியன்று காலை, பெண்டாட்டியா பாபாவா என்று ஒரு முடிவுக்கு வந்து, கூட்டத்தின் நடுவிலேயே மேட்டை மண்வெட்டியால் வெட்டினார்.

"ஹாய் ராம்!" என்று அலறினார்கள். ஒருவர் தடியை ஓங்கினார்.

மண் புரண்டது. முழ நீளத்தில், கொழுகொழுவென்று, கொத்துக் கொத்தாகக் கிழங்கு!

"பிரசாத்!" என்று கூவினாள் தல்வார் அம்மாள். "பாபா பிரசாதம் குடுத்துட்டுக் கிளம்பிட்டார்! ஆளுக்கு ஒண்ணு, வரிசையா வாங்க!"

தடி ஓங்கியவர்தான் முதலில் கை நீட்டினார். "மதராஸி பாபாவுக்கு ஜே!" என்று சிவஞானத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். கொடுத்தது போக இரண்டு கூடை மிஞ்சியது. ஜெயித்துவிட்டார் மனுஷன்! சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் தல்வார் அம்மாள் பக்கத்தில் வந்தாள். அதுவரை இந்தியைத் தவிர வேறெதுவும் பேசாதவள், திருநெல்வேலித் தமிழில் மெல்லச் சொன்னாள்:

"மஞ்சத்தூள் போட்டு அவியுங்க, தம்பி. எங்க வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டைக்கு மாத்தலாகி அஞ்சு வருசம் அங்கன குடியிருந்தவளுக்குப் பனங்கிழங்குப் பாத்தி தெரியாதா? அந்த மம்பட்டிக்காரனுவளத் தடுக்க ஒரு பாபா வேண்டியிருந்துச்சு, அம்புட்டுதான்!"