ஒற்றை முகத்து ரயில்பஸ்

மனிதர் யாவரையும் சரக்குப் பெட்டிகளாகவே பாவித்தவர் ஒருவர் இத்தூத்துக்குடியில் உண்டென்றால், அவர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஷண்டிங் அண்ணாச்சி ஒருவரே. துறைமுகத்துக்குள் ஓடும் ரயில் பாதையில் பெட்டிகளைக் கப்ளிங் போட்டு இணைப்பதும் கழற்றுவதுமாகவே உத்தியோகத்தை முடித்தவர். ஓய்வு அவருக்குக் கிடைத்தது. அவர் கைகளுக்குக் கிடைக்கவில்லை. லிஃப்டின் வாசலில் நின்று பச்சைக் கைக்குட்டையை அசைத்த பிறகே எவரையும் உள்ளே விடுவார். கல்யாணக் காரைப் பின்னோக்கி எடுக்க உதவுகிறேன் என்று ஒரு முறை சைகை காட்டினார். கார் வாழைமரத்தை முத்தமிட்டு நின்றபோது, "கப்ளிங் ஆயிருச்சு" என்று திருப்தியோடு சொன்னார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில் ஒருநாள் தண்ணீர்ச் சிக்கனம் குறித்து நான் உரையாற்றிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் அண்ணாச்சி எழுந்து சிவப்புக் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"பிளாட்பாரம் முடிஞ்சு போச்சு சார். இன்னும் இழுத்தா முட்டிரும்."

கூட்டம் சிரித்தது. அதை நான் மறந்துவிட்டதாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் வீடும் என் வீடும் எதிரெதிரே. நடுவில் ஆறடி நடைபாதை. இருவரும் மனைவியை இழந்தவர்கள். எனக்குப் பேச்சுத்துணை தேவைப்பட்டதில்லை. கல்லூரியில் கணிதம் கற்பித்தவனுக்குச் செய்தித்தாளின் பிழைகளே போதுமானவை. அவர் நிலை வேறு. ஞாயிறுதோறும் கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசுவாள். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார் என்பதால், கேட்கக் கூடாதென்று நான் எவ்வளவு முயன்றும் கேட்டுவிடும்.

"அங்க உங்களுக்கு யாருப்பா இருக்கா? பேசாம இங்க வந்துருங்க."

"ஏளா, ஹார்பர் இன்ஜின் சத்தம் கேக்காம எனக்கு உறக்கம் வராது."

"அது இன்ஜின்பா. உங்களுக்குன்னு ஆளு யாரு இருக்கா?"

அண்ணாச்சி உடனே பேச்சை வேறு தண்டவாளத்துக்கு மாற்றிவிடுவார். கிறிஸ்துமஸுக்கு வருவதாகவும், வந்தால் அழைத்துக்கொண்டுதான் திரும்புவதாகவும் மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அதுவரை பொழுது போகட்டும் என்று ஒரு பெட்டியை அனுப்பி வைத்தாள். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் கூட்டவேண்டிய இரண்டடுக்கு டிராம் வண்டியின் மாதிரி. அடியில் சிறு மோட்டார், ஓடுவதற்குத் துண்டு துண்டாகத் தண்டவாளம்.

அதை ஒட்டி முடித்து என்னிடம் எடுத்து வந்தார்.

"சார், இதுல மூஞ்சி எது, முதுகு எது?"

டிராமுக்கு இருபுறமும் முகமே என்று விளக்கினேன். கடைசி நிலையத்தில் அதைத் திருப்ப வேண்டியதில்லை. ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து சென்று ஓட்டுவார்.

"யாரும் திருப்ப வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்ப இந்த ஏற்பாடு சரியில்ல சார். இதை ரயில்பஸ்ஸா மாத்திருவோம்."

பேருந்தின் உடலும் ரயிலின் சக்கரமும் கொண்டது ரயில்பஸ். முன்னால் பானெட் துருத்திக்கொண்டிருக்கும். ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கம் மட்டுமே. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு காலத்தில் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் சிறுபாதை ரயில் ஓடியதல்லவா, அந்தப் பாதைக்கு ஏற்ற ரயில்பஸ்தான் செய்யப்போவதாக அறிவித்தார். டிராமின் தண்டவாளம் சிறுபாதை அளவுடையதன்று என்று நான் திருத்தினேன்.

"தண்டவாளத்தக் குறுக்க வேண்டாம் சார். ஆளப் பெருசாக்கிட்டாப் போதும். தண்டவாளம் தன்னால சிறுசாயிரும்."

இதை மறுப்பதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் விகிதக் கணக்குப் போட்டேன். மறுக்க முடியவில்லை. இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே இருந்த தளத்தை அவர் அறுத்தெடுத்தார். குள்ளர்களுக்கான மாடி வண்டி, நெட்டையர்களுக்கான ஒற்றை அடுக்கு வண்டியாயிற்று. கீழ்வரிசை ஜன்னல்களை அட்டையால் அடைத்தார். தீப்பெட்டி பானெட் ஆயிற்று. ரேடியேட்டரின் வலைக்கு மட்டும் பொருள் கிடைக்காமல் இரண்டு நாள் அலைந்தார். மூன்றாம் நாள், எங்கள் இரு வீடுகளிலும் சமைத்துப் பெருக்கித் தரும் மரியபுஷ்பத்தின் குரல் நடைபாதையில் கேட்டது.

"அண்ணாச்சி, வடிகட்டிய வெட்டி வண்டி மூக்குல ஒட்டிட்டியளே, டீய நான் யாரு மூக்குல வடிகட்ட?"

வண்டி ஓடியது. கூடத்திலிருந்து அடுக்களை வரை ஓடி, சுவரைப் பார்த்தபடி நின்றது. முகம் ஒன்றுதான் என்பதால் அதை எடுத்துத் திருப்பி வைத்தால்தான் திரும்பி வரும். நாள்தோறும் நடப்பதை மரியபுஷ்பம் என்னிடம் இவ்வாறு வருணித்தாள்:

"இங்கன நின்னு கொடி காட்டுதாரு சார். காட்டிட்டு விழுந்தடிச்சு அடுக்களைக்கு ஓடுதாரு. வண்டி வாரதுக்குள்ள இவரு போயி நிக்காரு. அவரே வழியனுப்புதாரு, அவரே வரவேக்காரு. சிரிக்கவா அழவான்னு தெரியல."

நானும் சிரித்தேன். பிறகு செய்தித்தாளை எடுத்தேன். அன்றைக்கு ஒரு பிழையும் என் கண்ணில் படவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு பிற்பகலில் அண்ணாச்சி தண்டவாளத் துண்டுகளோடு என் வாசலில் நின்றார்.

"சார், நடைபாதையக் கடந்து உங்க வீட்டுக்குள்ள ஒரு மூணடி. ஒரு ஸ்டேஷன். அவ்வளவுதான்."

நடைபாதையில் செருப்பு அலமாரியோ பூந்தொட்டியோ எதுவுமே வைக்கலாகாது என்று என் கையொப்பத்தோடு சுற்றறிக்கை விட்டவன் நான். தலைவர் வீட்டு வாசலில் ரயில் வந்து நின்றால் என் சொல்லுக்கு என்ன மதிப்பு? அதைச் சொன்னேன். சற்று ஏளனமாகவே மேலும் சொன்னேன்:

"டிராமாகவே விட்டிருந்தால் இந்தச் சிரமமே இல்லையே அண்ணாச்சி. தானே போகும், தானே வரும்."

"அதனாலதான சார் மாத்துனேன்." அவர் வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "டிராமு, அந்தப் பக்கம் ஆளே இல்லாட்டியும் போயிட்டு வந்துரும். பஸ்ஸுன்னா அங்கன ஒரு ஆளு வேணும்லா."

இதற்கும் என்னால் மறுப்புக் கணக்குப் போட முடியவில்லை. சுற்றறிக்கையில் குறிப்பிடப்பட்டவை நிலையான பொருள்கள் என்றும், ரயில்பஸ் ஓடும் பொருள் என்றும் எனக்கு நானே ஒரு விளக்கம் அளித்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டேன்.

என் வாசற்படியில் ஏறப் பழைய நாள்காட்டி அட்டையால் சரிவு அமைத்தார். மூன்று மணிக்கு நான் தரையில் அமர்ந்தேன். தரையில் அமர்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது. எதிர் வீட்டில் அவரும் அமர்ந்தார்.

"லைன் கிளியரா சார்?"

"என்ன?"

"பாதை காலியா இருக்குன்னு நீங்க லைன் கிளியர் குடுக்காம இங்கன வண்டி எடுக்கப்படாது. அதான் ரூலு."

விதி என்று சொன்னால் நான் கட்டுப்படுபவன். "லைன் கிளியர்" என்றேன். பச்சைக் கைக்குட்டை அசைந்தது. வண்டி நடைபாதையின் நடுவே வந்துகொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்தது. கையில் பையோடு அண்ணாச்சியின் மகள். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். தண்டவாளத்தை மிதிக்கப் போனவளை நோக்கி நான் கையை உயர்த்தினேன்.

"கேட் போட்டிருக்கிறது அம்மா. வண்டி போகட்டும்."

அவள் நின்றாள். வண்டி சரிவில் ஏறி என் வீட்டுக்குள் வந்து நின்றது. நான் அதை எடுத்து, முகத்தை அண்ணாச்சி பக்கம் திருப்பி வைத்தேன்.

"அப்பா, சார் என்ன செய்யுதாரு?"

"அவருதான் அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர்ளா."

அவள் அவரை நம்பவில்லை. என்னையே பார்த்தாள். "நெசமாவா சார்? நீங்க இதுக்கெல்லாம் வருவீங்களா?"

அண்ணாச்சி தலை குனிந்திருந்தார். கைக்குட்டை மடியில் கிடந்தது.

"தினமும்" என்றேன். "மூன்று மணிக்கு."

கிறிஸ்துமஸ் முடிந்து மகள் தனியாகத்தான் ஊர் திரும்பினாள்.

நான் பொய் சொல்லி அறியாதவன் என்பதை இவ்வூரில் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆகவே, சொன்ன சொல்லை மெய்யாக்கும் பொருட்டு மட்டுமே, அன்று முதல் நாள்தோறும் மூன்று மணிக்குத் தரையில் அமர்கிறேன். சென்ற மாதம் அண்ணாச்சி காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளும், வண்டி வராது என்று தெரிந்தும், கதவைத் திறந்து வைத்து நாலு மணி வரை அமர்ந்திருந்தேன்.